பாவமில்லாததுக்கு மன்னிப்பு இல்லை

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணைக்குச் சற்று முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரு வரி சொல்வோமே, ஆண்டவரே நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லும், என் ஆன்மா குணமடையும் என்று, அந்த வரி சில காலமாக எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது. சொல்லி முடித்த கையோடு எல்லாரும் எழும்பி வரிசையில் போகிறோம். ஒருவராவது தயங்குவதை நான் கண்டதில்லை. தகுதியற்றவன் என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே போய்க் கைநீட்டுகிறோம் என்றால், ஒன்று அந்த வரியை நாங்கள் நம்பவில்லை, அல்லது தகுதியைப் பற்றிய கேள்வியே அங்கே இல்லை. இரண்டாவதுதான் சரி என்று வேதபாடம் படிப்பிப்பவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் பங்கில் அந்த வரியை நம்பிச் சொல்கிற ஒருவர் இருக்கிறார். சொல்லிவிட்டு இருந்துவிடுவார். எழும்பமாட்டார்.

கடைசி வாங்கில், கதவுப் பக்கத்து ஓரத்தில் இருக்கும் அக்கா அவர். மற்றவர்கள் போய் வருவதற்கு வசதியாகக் காலை ஒதுக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி குனிந்திருப்பார். 2010 கடைசியில் நாங்கள் மீளக் குடியேறி, கூரைத் தகரம் கழன்று கிடந்த கோயிலில் தறப்பாள் கட்டிப் பூசை தொடங்கிய காலத்திலேயே அவரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பூசைக்கு ஒரு நாளும் பிந்தமாட்டார். கோயில் கூட்டுவதும் பீடத்துக்குப் பூ வைப்பதும் அவர்தான். ஊரில் அதற்குப் பல கதை இருந்தது. கணவர் இல்லாத பெண் நன்மை, அதாவது நற்கருணை, எடுக்கவில்லை என்றால் எங்கள் சனம் என்ன கதை கட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு ஒரு வருடம் ஆவணி மாதத்தில் மன்னார் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது, மரத்தடியில் எங்கள் கூடாரமும் அவர்களுடையதும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. இரவு சோறு சமைத்து, பிள்ளைகள் படுத்த பிறகு, அவராகவே சொல்லத் தொடங்கினார். இதை எழுதலாமா என்று பிற்பாடு கேட்டேன். "எழுதும், என்னைப்போல கன பேர் இருக்கினம்" என்றார். ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததையெல்லாம் எழுதலாமா என்று யாராவது கேட்பீர்கள். அந்த இரகசியம் சுவாமியைத்தான் கட்டும், பாவம் சொன்னவரைக் கட்டாது.

இரண்டு கை

2009 சித்திரை (ஏப்ரல்) 20. வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கத்தில் ஆமி உடைத்துக்கொண்டு வந்த நாள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, இல்லாதவர்களுக்கு விளக்கவும் ஏலாது. அக்காவின் கணவர் அதற்கு முன்பே மாசி மாதத்தில் இரணைப்பாலையில் செல்லடியில் போய்விட்டார். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டு. கூடவே அம்மா. அம்மாவுக்குத் தொடையில் காயம், ஐந்தாறு நாளாகப் பங்கரை விட்டு வெளியே வரவில்லை. சனம் திரண்டு நீரேரிப் பக்கம் ஓடுகிறது. அம்மா சொன்னாராம், "நீ பிள்ளையளைக் கொண்டு போ, நான் பின்னால ஆரோடையும் வாறன்." அக்காவும், பிள்ளைகளை அந்தக் கரையில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கரைக்குப் போனவர்கள் திரும்பி வர வழி இருக்கவில்லை. அங்கிருந்து பஸ்சில் ஏற்றி ஓமந்தை, பிறகு மெனிக் பாம் அகதி முகாம். அம்மாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. கண்டவர்கள் இல்லை, புதைத்தவர்கள் இல்லை.

மெனிக் பாமில் பூசை வைக்க வந்த ஒரு சுவாமியிடம் முதல் தடவை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார். தாய் தந்தையை மதித்து நட என்ற நான்காம் கட்டளைக்கு எதிராகப் பாவம் செய்தேன், அம்மாவைச் சாக விட்டுவிட்டு வந்தேன் என்று. அந்தச் சுவாமி பாவம், வெளியே இன்னும் நூறு பேர் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். கடவுள் மன்னித்துவிட்டார் மகள், மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள் என்று ஆசீர்வதித்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு நன்மைக்கு எழும்பினார் அக்கா. பாதி வழியில் காய்ச்சல்காரிபோல் உடம்பு நடுங்கத் திரும்பி வந்துவிட்டார். சரியாகச் சொல்லவில்லையோ, எதையும் மறைத்துவிட்டேனோ என்று நினைத்துத் திரும்பவும் போனார். பிறகு தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முன், மடுவில், ஊரில், வேறு பங்கில் என்று ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப. எல்லாச் சுவாமிமாரும் மன்னித்தார்கள். அதில் ஒருவரும் பிழை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மன்னிப்பும் அக்காவின் காதில், ஓம் நீ செய்தது பாவம்தான் என்ற தீர்ப்பாகவே விழுந்தது. மன்னிக்கிறார்கள் என்றால் மன்னிக்க ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்.

இடையில் யாரோ கூட்டிக்கொண்டு போய் ஒரு சுகமளிக்கும் கூட்டத்திலும் விட்டார்கள். எந்தச் சபை என்பது இங்கே முக்கியமில்லை, யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் சந்திக்குச் சந்தி தகரக் கொட்டில் போட்டுச் சபைகள் வந்தது எல்லாருக்கும் தெரியும். சும்மா குறை சொல்லவும் நான் வரவில்லை, கத்தோலிக்கக் கோயில் திரும்பியும் பார்க்காத குடும்பங்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அன்றைக்கு மைக்கில் பேசியவர், பெற்றோரைக் கைவிட்ட ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார், அந்தச் சாபம்தான் சுகத்தைத் தடுக்கிறது என்று முழங்கினார். வன்னியில் எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்லலாம். 2009இல் யாரையாவது விட்டுவிட்டு வராத குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். அக்கா மயங்கி விழுந்தார். சாபம் முறிந்தது என்று எல்லாரும் கைதட்டினார்கள். அன்று இரவும் பங்கர் கனவுதான் வந்தது என்றார். எனக்குக் கேட்கவே பத்திக்கொண்டு வந்தது.

நான் சொல்ல வந்த இடம் இனித்தான். மடுவிலேயே, ஒரு திருவிழாவின் நவநாள் நாட்களில், வயதுபோன ஒரு சுவாமியிடம் அக்கா போயிருக்கிறார். காது கொஞ்சம் மந்தமாம், அதனால் உரக்கப் பேச வேண்டியிருந்ததாம். வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். அவர் உடனே ஆசீர்வதிக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அப்போது என்ன வயது? தண்ணீர் எவ்வளவு ஆழம்? நெஞ்சளவு. மகனை எப்படிக் கொண்டுபோனாய்? கையில் பிடித்து, ஆழமான இடத்தில் தோளில் ஏற்றி. மகள்? இடுப்பில், மற்றக் கையால் அணைத்து. அம்மாவால் நடக்க முடிந்ததா? இல்லை. அம்மாவின் நிறை எவ்வளவு இருக்கும்? இந்தக் கேள்விக்கு அக்காவுக்குக் கோபம் வந்ததாம், இதென்ன விசாரணை என்று. அவர் விடவில்லை. "பிள்ளை, உனக்கு ரெண்டு கைதானே. அம்மாவை எந்தக் கையால தூக்கியிருப்பாய்?"

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அப்போது அவர் சொன்னார்: "இது பாவமில்லை. பாவமில்லாததுக்கு நான் என்னெண்டு மன்னிப்புத் தாறது? வேற ஏதும் பாவம் இருந்தாச் சொல்லு." வேறு ஏதோ இரண்டு சின்னப் பாவம் சொன்னார் அக்கா, பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிச் சண்டை பிடித்ததுபோல ஏதோ. அதற்கு மட்டும் மன்னிப்புக் கொடுத்தார்.

வெளியே வந்த அக்காவுக்கு ஆறுதல் இல்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை ஒரு மனிதர் ஒன்றுமில்லை என்கிறாரே என்று. திரும்பப் போய், மண்டபத்துக்கு வெளியே கதிரையில் இருந்த அவரிடம் நேரே கேட்டுவிட்டார், "அப்ப நான் இவ்வளவு நாளும் சுமந்தது என்ன, சுவாமி?" அதற்கு அவர், "அம்மாவுக்குப் பூசை ஒப்புக்குடுத்தனியே?" என்று கேட்டார்.

கொடுக்கவில்லை. ஒரு தடவையும் இல்லை. ஏன் என்று வன்னியில் இருப்பவருக்குப் புரியும். இறந்தோருக்கான பூசை ஒப்புக்கொடுத்தால் அம்மா செத்துவிட்டார் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்ததற்கும் இதுதானே காரணம். 2010இல் அதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ஓராண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தால் மரணத்தைப் பதியலாம் என்று. சனம் போய் வரிசையில் நிற்கவில்லை. 2016இல் அதைத் திருத்தி, செத்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்கு இடம் வைத்தார்கள். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் வீதியோரமாகப் போய் இருந்த அம்மாமார் இரண்டையும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 தையில் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று சொன்னாரே, அரசாங்கத்தின் சொந்தக் குடிசன எண்ணிக்கையை வைத்தே. அந்தக் கணக்கில் அக்காவின் அம்மாவும் ஒருவர். இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அழவும் முடியாது. அழ முடியாத இடத்தில் குற்றத்தை வைத்துக்கொண்டார் அக்கா. அம்மா எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை, ஆனால் யாருடைய பிழை என்ற கேள்விக்காவது அவரிடம் ஒரு பதில் இருந்தது.

அந்தச் சுவாமி இதை எவ்வளவு விளங்கிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். "பூசை செத்த ஆக்களுக்கு மட்டுமில்லைப் பிள்ளை, உயிரோட இருக்கிறவைக்கும் ஒப்புக்குடுக்கலாம். அம்மான்ர பேரைச் சொல்லி ஒப்புக்குடு. மிச்சத்தை அவர் பாப்பார்." திருச்சபைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது, யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம், உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும். சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்த விஷயம்தான். எந்த அலுவலகமும் இவ்வளவு வருடத்தில் கொடுக்காத ஒரு இடத்தை அக்காவுக்கு அந்த வரி கொடுத்தது.

அந்த வருடம் கார்த்திகையில், இறந்தோர் நினைவு நாளான இரண்டாம் திகதியைத் தவிர்த்துவிட்டு, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலைப் பூசையை அம்மாவுக்காகக் கேட்டிருந்தார். பங்குச் சுவாமி வாசித்தபோது ஆத்தும இளைப்பாற்றிக்காக என்றும் சொல்லவில்லை, உடல்நலத்துக்காக என்றும் சொல்லவில்லை. பெயரைச் சொல்லி, அவருக்காக என்று மட்டும் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். அக்கா சத்தம் போட்டு அழுதார். நடுப் பூசையில், செத்த வீட்டில் அழுவதுபோல. சுவாமி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நன்மைக்கு அன்றைக்கும் அவர் எழும்பவில்லை.

யார் செய்த பாவம்

நம்முடைய ஆட்கள், சுவாமிமாரும் பாஸ்டர்மாரும் சேர்த்துத்தான், தகுதியற்றவர் என்று ஒருவர் சொன்ன உடனே மன்னிப்பை எடுத்து நீட்டுகிறோம். கையில் இருக்கிற ஒரே மருந்து அதுதான் என்பதுபோல. நற்செய்தியில் அப்படி இல்லை. யோவான் ஒன்பதில் பிறவிக் குருடனைக் கண்டதும் சீடர்கள் கேட்கிற முதல் கேள்வியே யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்பதுதான். இயேசு, இவனும் இல்லை பெற்றோரும் இல்லை என்கிறார். உன்னை மன்னித்தேன் என்று அவனுக்குச் சொல்லவே இல்லை. மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசி, போய்க் கழுவு என்கிறார், அவ்வளவுதான். லூக்கா பதின்மூன்றில் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றிய பேச்சு வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். (அதற்கு அடுத்த வரியில் மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்றும் சொல்கிறார். அந்த வரியை விட்டுவிட்டுப் பிரசங்கம் வைப்பது சுலபம்.) செத்தவர்களுக்கு அது பொருந்தும் என்றால் தப்பியவர்களுக்கும் பொருந்தும். கோபுரத்துக்கு வெளியே நின்றவர்கள் அதனால் குற்றவாளிகள் இல்லை.

இது வன்னிக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் போர் முதலிய பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை முதன்முதலாகத் தன் கைநூலில் சேர்த்தபோது, மற்றவர்கள் சாக நான் பிழைத்தேனே என்ற குற்ற உணர்வையும் அதன் அறிகுறிகளில் ஒன்றாகப் போட்டிருந்தது. திருச்சபைக்கும் இது புதிதில்லை. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது, சொல்லி முடித்த பாவங்களையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, ஆறுதல் கிடைக்காமல், தன் அறையில் இருந்த குழியில் விழுந்து செத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். மிகத் தெளிவான பாவமாக இருந்தாலொழியப் பழையதைச் சொல்லாதே என்று அவருடைய ஆன்ம குரு கட்டளையிட்டார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! இது அக்காவுக்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

நற்கருணை நிறைவானவர்களுக்குக் கொடுக்கும் பரிசு இல்லை, பலவீனருக்கான மருந்தும் உணவும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல் எழுதினார். 1905இலேயே அப்போது பாப்பரசராக இருந்த பத்தாம் பத்திநாதர் அடிக்கடி நன்மை எடுக்கச் சொல்லி, தகுதி பார்த்துத் தள்ளி நிற்கும் பழைய பழக்கத்தை உடைக்கப் பார்த்தார். என்றாலும் எங்கள் ஆச்சிமார் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யாமல் ஞாயிறு நன்மைக்குப் போகமாட்டார்கள், அந்தப் பயம் பரம்பரையாக எங்கள் எலும்பில் இருக்கிறது. அதனால்தான் பாப்பரசரின் வாசகத்தை அக்காவிடம் கொண்டுபோய்ச் சொன்னால் எடுபடாது. அவர் தன்னைப் பலவீனர் என்று நினைக்கவில்லை, கொலைகாரி என்று நினைத்தார். அவருக்குத் தேவைப்பட்டது இரக்கமில்லை, உண்மை. தண்ணீர் நெஞ்சளவு, பிள்ளைகள் இரண்டு, கை இரண்டு.

மடுவில் கூடாரத்தடியில் அவர் சொன்ன ஒன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். 2008 சித்திரையில் சண்டை நெருங்கியபோது சுவாமிமார் மடு மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்களே. "மாதாவுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆக்கள் இருந்தினம் தம்பி. என்ர அம்மாவுக்கு ஒருத்தரும் இல்லை." கசப்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நாள் காலை முதல் ஆளாகப் போய் மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்றார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து விளங்கிக்கொள்வது என்று கேட்காதீர்கள். மடுவுக்கு இந்துக்களும் வருகிறார்கள், தெற்கிலிருந்து பௌத்தர்களும் வருகிறார்கள், பாம்புக்கடிக்கு நல்லது என்று மண்ணை முடிந்துகொண்டு போகிறார்கள். மண் எடுப்பவரிடம் நீ நல்லவனா, தகுதி இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது அக்கா நன்மை எடுக்கிறார். எல்லா ஞாயிறும் இல்லை. "சில கிழமை போவன். சில கிழமை ஏலாது." அந்த ஏலாத கிழமைகளில் யாரும் இப்போது கதை கட்டுவதில்லை.

மைக் பிடித்தவர்

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் முடிக்க விடாத இன்னொரு ஆள் இருக்கிறார்.

அந்த வரியை முதலில் சொன்னவர் யார்? மத்தேயு எட்டில் வரும் நூற்றுவர் தலைவர். நூறு சிப்பாய்களுக்குப் பொறுப்பானவர், அதாவது எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு கம்பனிக் கொமாண்டர், அதுவும் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஆமியின் கொமாண்டர். லூக்காவில் ஊர்ப் பெரியவர்கள் வந்து அவர் தகுதியுள்ளவர், எங்களுக்குச் செபக்கூடம் கட்டித் தந்தவர் என்று சிபாரிசு செய்கிறார்கள். அவரோ நான் தகுதியற்றவன் என்கிறார். ஆயுதம் வைத்திருந்தவர் வாயில் வரவேண்டிய வார்த்தையை இன்றைக்கு நீரேரியைக் கடந்து வந்த அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் சென்றிக்கு நின்ற எந்தக் கொமாண்டரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கோயில் படியேறி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். எங்கள் பகுதிக்காரர்தான், முன்பு இயக்கத்தில், அதாவது புலிகளில், இருந்தவர். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்த காலத்தில் அந்த வேலையில் நின்றவர். தடுப்பு, புனர்வாழ்வு எல்லாம் முடிந்து வந்து, ஒரு சபையில் சேர்ந்து, தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தார். கூட்டங்களில் சாட்சி சொல்வார். நான் பிள்ளை பிடிச்சவன், தாய்மாரின் கண்ணீரைப் பார்த்தும் இரங்காதவன், ஆனால் கர்த்தர் என்னைப் புதுச் சிருஷ்டியாக்கினார் என்று. மைக்கில் சொல்லும்போது உண்மையாகவே அழுவார். நடிப்பென்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் பதினாறு வயதில்தான் இயக்கம் தெரிய வந்தது. அல்லேலூயா என்று கூட்டம் எழும்பி நிற்கும்.

அவர் பிடித்துக்கொண்டு போன பையன் ஒருவனின் தாய் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். சைவக்காரர். கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டும் நாட்களில் அந்தச் சாட்சி அவருடைய அடுப்படி வரைக்கும் கேட்கும். மகன் திரும்பி வரவில்லை.

அக்காவுக்குத் தேவையில்லாத மன்னிப்பை ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இவருக்கோ ஒரு ஞாயிறு பின்னேரத்திலேயே மன்னிப்பு முடிந்துவிட்டது. யாரிடம், எந்த வீட்டில், எந்த மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது மலைப்பொழிவில் இருக்கிற வரி, இரண்டு பக்கத்துப் பைபிளிலும் இருக்கிறது. சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் இயேசு. சக்கேயு எடுத்தது காசு.

அவரோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, வயல் அலுவலாக. ஒரு நாள் கேட்டேன், அந்த அம்மாவிடம் போனீர்களா என்று. போகவேண்டும் என்றுதான் அண்ணை நினைக்கிறேன், படலை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன் என்றார். அந்த அம்மாவிடமும் பேசிப் பார்த்தேன், இதில் தலையிட எனக்கு என்ன உரிமை என்ற யோசனையோடுதான். அவர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்: "அவன் வந்து என்ர காலில விழுந்தா அவனுக்குச் சுகம் தம்பி. எனக்கென்ன?" சரிதானே. வாசல் வரைக்கும் வந்து அழுதுவிட்டுப் போகிறவனைத் தேற்றுகிற வேலையும் அந்தத் தாய்க்குத்தானா? மன்னித்தால்தான் உங்களுக்கும் நிம்மதி என்று அவருக்குப் பிரசங்கம் வைக்க ஆட்கள் இருப்பார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் எழும்பும்போது அவரே கூப்பிட்டார். "பிடிச்சுக்கொண்டு போய் எங்க விட்டவன், ஆரிட்டக் குடுத்தவன் எண்டு மட்டும் எழுதித் தரச் சொல்லும். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பாப்பம்."

போய்ச் சொன்னேன். அவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கொண்டுபோய் விட்ட பயிற்சி முகாம் இருந்த இடம், பொறுப்பாக இருந்தவரின் இயக்கப் பெயர், மாதம், அந்த அணியில் இருந்து உயிரோடு வந்த ஒருவர் இப்போது இருக்கும் ஊர் என்று எழுதினார். கீழே தன் சொந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அந்தக் கையெழுத்து வைக்க அவருக்குப் பயமில்லாமல் இருந்திருக்காது, புலனாய்வுக்காரர் வந்து போகிற வீடு அது.

அம்மா அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் வைத்திருக்கிற கோப்பில் அதையும் சேர்த்துவைத்தார். வருகிற கிழமை அந்த ஊருக்குப் போய் அந்த ஆளைத் தேடவேண்டும், எத்தனை மணிக்கு பஸ் என்று என்னைக் கேட்டார்.